சமையலறையும் ஒரு மறைக்கல்விக்கூடமே



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு மீன் சந்தை புதிதன்று. அதிகாலையில் அறுக்குளாவும் பாரையும் சூரையும் ஒருபுறம் குவிந்திருக்கும். சுறா, திருக்கை, கணவாய், இறால், நண்டு ஆகியவை மறுபுறம் கிடக்கும். நாசரேத்தூர் மரியா இச்சந்தைக்கு வந்திருந்தால் எவற்றை வாங்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? முதற்குவியலில் மட்டுமே அவர் கை பட்டிருக்கும். நீர்வாழ்வனவற்றுள் துடுப்பும் செதிலும் உள்ளவற்றையே உண்ணலாம் என்பது லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் வகுத்த சட்டம். பிள்ளை பெற்ற தாய்க்கு நாம் பரிவோடு சமைத்துக் கொடுக்கும் சுறாவைக்கூட அவ்வன்னை தம் வீட்டுக்குள் கொண்டு சென்றிருக்க மாட்டார்.

இச்சட்டப்படி அமைந்த உணவை யூதர்கள் 'கோஷர்' என்பர். 'தகுதியானது' என்பது அதன் பொருள். இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, உப்பிட்டு ஒரு மணி நேரம் வைத்து, இரத்தம் வடிந்தபின் நன்கு கழுவியே சமைப்பர். இறைச்சியும் பாலும் ஒரே சட்டியில் சேரா. பாஸ்கா விழாவின் புளிப்பற்ற அப்பத்திற்கான மாவில் நீர் பட்டால், 18 நிமிடங்களுக்குள் அதைச் சுட்டுவிட வேண்டும்.

இவற்றை ஏட்டில் படித்து மட்டும் கற்க இயலாது. தாயின் அருகில் நின்று, கையால் செய்தே கற்க வேண்டும். ஆகவேதான் இன்றும் பல நாடுகளில் யூதர்கள் ஒன்றுகூடிச் செய்முறை வகுப்புகளில் இச்சமையலைப் பயில்கின்றனர். ஓய்வுநாள் அப்பத்திற்கு மாவு பிசையும்போது, எண்ணிக்கை நூலின் 15ஆம் அதிகாரம் கட்டளையிட்டவாறு, ஒரு சிறு பகுதியைப் பிரித்தெடுத்து இறைவனைப் போற்றுகின்றனர். அங்கே விரல்களும் செபிக்கின்றன.

கட்டுப்பாடு சுவையைக் கெடுத்துவிடும் என்று கருத வேண்டாம். 1568இல் கட்டப்பட்ட தொழுகைக்கூடம் இன்றும் நிற்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் வாழ்ந்த யூதப் பெண்கள், இறைச்சிக் கறிக்குத் தேங்காய்ப்பால் சேர்த்தனர். அது விலங்கின் பால் அன்று. எனவே சட்டமும் நிறைவேறியது, கறியும் மணத்தது!

"நாம் இச்சட்டத்திற்கு உட்பட்டவர்கள் அல்லரே" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். மனிதரைத் தீட்டுப்படுத்துவது வெளியிலிருந்து உள்ளே செல்வதன்று, உள்ளத்திலிருந்து வருவதே என்று ஆண்டவர் மாற்கு நற்செய்தியில் கற்பித்தார். யோப்பா நகரில் பேதுரு கண்ட காட்சியையும் நாம் அறிவோம். ஆயினும், பெற்ற விடுதலையை என்ன செய்தோம்? வெள்ளிக்கிழமை இறைச்சியை விலக்குகிறோம்; அன்றே நண்டும் இறாலும் வாங்கி விருந்துண்கிறோம். சட்டத்தின் எழுத்தைக் காத்து, அதன் உயிரை இழந்துவிட்டோம். அயலில் உள்ள சைவ வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் வெள்ளியன்று மரக்கறி சமைப்பது ஏன் என்று தெரியும். இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைக்கு ஹலால் எது என்று தெரியும். நம் பிள்ளையோ கைப்பேசியைப் பார்த்தவாறே, சிலுவை அடையாளமும் வரையாமல் உண்டு முடிக்கிறது. ஞாயிறு மறைக்கல்வி ஒரு மணி நேரம். வீட்டு அடுப்போ நாள்தோறும் எரிகிறது. எது பெரிய பள்ளி?

நம்மிடமும் கையால் கற்ற பக்தி இருந்தது. நம் பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் சேர்த்தனர். அந்தப் பிடியரிசி ஆலயத்திற்கும் ஏழைகளுக்கும் சென்றது. யூதத் தாய் மாவைப் பிரித்தெடுப்பதும் நம் பாட்டி அரிசியை அள்ளி வைத்ததும் ஒரே நம்பிக்கையின் இரு வடிவங்கள் அல்லவா? உண்பதற்குமுன் கொடுப்பவரை நினைப்பதும், இல்லாதவரை நினைப்பதுமே அந்நம்பிக்கை.

அன்புப் பெற்றோரே, வரும் வெள்ளிக்கிழமை உங்கள் மகளை மட்டுமன்றி மகனையும் அடுக்களைக்கு அழையுங்கள். எளிய உணவை அவர்கள் கையாலேயே சமைக்கச் செய்யுங்கள். முதற்பிடி அரிசியை அவர்களே அள்ளி வைக்கட்டும். மீதமாகும் பணம் எந்த வீட்டிற்குச் செல்ல வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். அப்பத்தைத் தம் கையில் எடுத்து, நன்றி கூறி, பிட்டுக் கொடுத்த ஆண்டவரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வகுப்பு உண்டோ?