திருஷ்டியை மீன் வாங்குவதில்லை

"செத்துப்போச்சா? நல்லதுங்க. வீட்டுக்கு வர இருந்த கெட்டதை அது வாங்கிக்கிச்சு."

பெரம்பலூரில் எனக்குத் தங்கமீன் விற்ற கடைக்காரர் சொன்னது இது. ஒரு மாதத்தில் நான்காவது மீன். அரியலூரில் எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்று வெறுக்கிறேன்.

ஏனென்றால் கொன்றது நான்.

டிவி ஸ்டாண்டில் ஒரு கண்ணாடி பவுல். ஐந்து லிட்டர் தண்ணீர்கூடப் பிடிக்காது. அதில் ஒரு ஒராண்டாவும் கறுப்பு நிறத்தில் ஒரு பிளாக் மூரும். கறுப்பு மீன் கெட்டதை இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மீன் தன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. குளத்தில் என்றால் சேற்றிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அவை குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நானோ ஞாயிறுதோறும் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கூழாங்கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார்கள்.

"நம்ம ஊர் உப்புத்தண்ணில மீன் நிக்காதுப்பா" என்று அடுத்த சமாதானம் வரும். அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஆனால் தங்கமீன் கடினநீரை நன்றாகவே தாங்கும். காரத்தன்மை கூடிய நீரில் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகிறது, அவ்வளவுதான். கூடவே நம் வெயில். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையோ கூடும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து "பாருங்க, பேசுது" என்று நான் வீடியோ எடுத்திருக்கிறேன். அது மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"மீன் குழம்பு சாப்பிடுறவன் இதைப் பேசலாமா?" என்று நண்பன் கேட்டான். பேசலாம். குழம்புக்கான மீனை நாம் அலங்காரம் என்று சொல்லி மூன்று வாரம் சாகவிடுவதில்லை. தவிர, இந்த மீனின் உருவமே மனிதன் செய்தது. சீனாவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம் ரசனைக்காக உருண்டை உடம்பு, இரட்டை வால், தலைமேல் சதைத் தொப்பி என்று தேர்ந்து தேர்ந்து வளர்த்திருக்கிறோம். அதனால் வேகமாக நீந்த முடியாது. பாவம் பார்த்து ஏரியில் விடவும் முடியாது, கூடாது. நம்மை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. ரோம் நகரம் 2005-இலேயே உருண்டை பவுலுக்குத் தடை போட்டது. இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வயதுவரை வாழ்ந்து 1999-இல் இறந்தது. நம் வீட்டில் மூன்று வாரம் தாண்டினால் ராசியான மீன்.

வேண்டியது பரிகாரம் இல்லை. இரண்டு மீனுக்குக் குறைந்தது நூறு லிட்டர் தொட்டி, நல்ல ஃபில்டர், ஏர் பம்ப். வாரம் கால்பங்கு தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசணும், சோப்பு கூடவே கூடாது. தீனியைக் கொஞ்சமாகப் போடணும். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. இதற்கெல்லாம் காசும் இடமும் இல்லையென்றால் வாங்காதீர்கள். குழந்தையின் பிறந்தநாளுக்குப் பாலிதீன் பையில் ஒரு உயிரைக் கட்டிக்கொடுக்காதீர்கள்.

இப்போது என்னிடம் இரண்டு ஒராண்டாக்கள் இருக்கின்றன. நான்கு வருடமாகிறது. போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, தொட்டிய எந்த மூலையில வச்சா நல்லது?" என்று கேட்டார்.

"வெயில் படாத மூலையா பாருங்கக்கா. பக்கத்துல பிளக் பாயிண்ட் இருக்கணும்" என்றேன்.