கோப்பு மூடப்பட்டது!



2000ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 25ஆம் நாள். இலண்டன் மாநகரின் வடபகுதியிலே, ஹாரிங்கே நகர்மன்றத்தின் சமூகநல அலுவலகத்தில் ஒரு கோப்பு மூடப்படுகிறது. ஒரு வாரத்துக்கு முன்பு வீட்டாருக்குக் கடிதம் போயிற்று, விடை வரவில்லை, விடை வராத வழக்கை வைத்துக்கொண்டிருப்பானேன் என்று மூடிவிட்டார்கள். கோப்பு அலமாரிக்குப் போயிற்று.

அதே நாளில், அதே மாநகரில், ஒரு மருத்துவமனையிலே, அந்தக் கோப்புக்கு உரியவளின் கண்களும் மூடின. வயது 8. பெயர் விக்டோரியா கிளிம்பியே.

ஐவரி கோஸ்ட் நாட்டிலே பிறந்த பெண். 'ஐரோப்பாவிலே நல்ல படிப்புக் கிடைக்கும், நான் அழைத்துப் போகிறேன்' என்றாள், பாட்டி முறையான ஒருத்தி. பெற்றோர் நம்பினர், அனுப்பினர். படிப்புக் கிடைக்கவில்லை, 128 காயங்களும் தழும்புகளும் கிடைத்தன. உயிர் போன பிறகு உடலை ஆய்ந்தவர்கள் எண்ணிச் சொன்ன கணக்கு அது. அந்தப் பாட்டி முறையானவளும் அவளுடன் வாழ்ந்தவனும் 2001ல் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களைப் பற்றி எழுத நான் இன்று அமரவில்லை. கொடியவரைக் கொடியவர் என்று சொல்ல ஓர் ஏடு வேண்டியதில்லை. நான் பேச வந்திருப்பது நல்லவர்களைப் பற்றி! நாற்காலியில் அமர்ந்திருந்த நல்லவர்களைப் பற்றி!

அச்சிறுமி யாருக்கும் தெரியாமல் கானகத்திலே ஒளித்து வைக்கப்பட்டவள் அல்லள். நான்கு நகர்மன்றங்களின் சமூகநலத் துறைகளுக்கு அவளைத் தெரியும். மாநகரப் போலீசின் இரு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகளுக்குத் தெரியும். இரண்டு மருத்துவமனைகள் அவளைச் சேர்த்துக்கொண்டன, பார்த்தன, வீட்டுக்கே திருப்பி அனுப்பின. லாமிங் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 2003 சனவரியில் அறிக்கை தந்தபோது, அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய வாய்ப்புகள் 12 என்று எடுத்துக்காட்டிற்று. பன்னிரண்டு முறை கதவு திறந்திருந்தது. பன்னிரண்டு முறையும் உள்ளே செல்ல ஆளில்லை!

ஹாரிங்கே அலுவலகத்தின் பொறுப்பிலே அவள் ஏறத்தாழ ஏழு திங்கள் இருந்தாள். அந்த ஏழு திங்களில், வழக்கை ஏற்றிருந்த பெண் ஊழியர் அவளைக் கண்டது நான்கே முறை. நான்கையும் கூட்டிப் பார்த்தால் அரைமணி நேரம்கூடத் தேறாது.

சீறுகிறீர்கள், தெரிகிறது. நானும் சீறினேன், முதலில் படித்தபோது. பிரிட்டன் முழுதும் சீறிற்று. அந்த ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். குழந்தைகளுக்கான பணி எதிலும் இனி சேரக்கூடாது என்று தடையும் விதிக்கப்பட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டார் அல்லவா, கோபம் தணிந்தது. 2005ல் ஒரு தீர்ப்பாயம் அந்தத் தடையை நீக்கிற்று என்பது, தணிந்த கோபத்துக்குப் பிறகு வந்த செய்தி.

ஏன் நீக்கிற்று? கேளுங்கள், தோழர்காள். அந்த ஊழியர், இத்தகைய விசாரணை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திப் பழகாதவர். அவருடைய மேசையிலோ வரம்புக்கு மிஞ்சிய வழக்குகள். அவருக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர்; மேற்பார்வையாளருக்கு மேலே ஒரு மேலாளர்; மேலாளருக்கும் மேலே அடுக்கடுக்காய் அலுவலர்கள். அந்த அடுக்கிலே இருந்தோரை லாமிங் பிரபு கூண்டிலே நிறுத்திக் கேட்டார். பலரும் சொன்ன விடை ஒன்றுதான்: எனக்கு யாரும் சொல்லவில்லை!

யாரும் சொல்லவில்லையாம்! சொல்லும்படி கேட்பதற்காகத்தானே அந்த நாற்காலி?

அந்த அறிக்கையிலே 108 பரிந்துரைகள். அவற்றுள் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, அழவும் வைத்தது. மேற்பார்வை செய்பவர், குறித்த இடைவெளிகளில் வழக்கின் கோப்பைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை. மேற்பார்வை என்றால் படிப்பதும் அதிலே அடக்கம் என்பதை, ஒரு குழந்தை மாண்ட பிறகு, ஒரு பிரபு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது!

பயிற்சியைப் பற்றிப் பேச உனக்கென்ன அருகதை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லூரிப் படிக்கட்டிலே பாதி ஏறி, மீதியை மேடைக்கு ஈடு கொடுத்து இறங்கி வந்தவன் நான். ஆயினும் நாடகக் கொட்டகையில் ஒரு பாடம் கற்றேன். என்னுடைய இரண்டாவது நாடகத்திலே ஒரு நீதிமன்றக் காட்சி. சாட்சியாக வந்த புதிய இளைஞன் வசனத்தை மறந்து, கூண்டிலே சிலையாய் நின்றுவிட்டான். திரை விழுந்ததும் அவன்மீது பாய்ந்தேன்; நாளை முதல் வரவேண்டாம் என்றேன். ஆர்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே கேட்டார்: "பத்து நாள் ஒத்திகை நடந்ததே, தம்பி! அந்தப் பையன் பக்கத்திலே எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள்?"

ஒரு நாளும் இல்லை. கதாநாயகனோடு உட்கார்ந்தேன், விளக்குக்காரரோடு உட்கார்ந்தேன், விளம்பரத் தட்டி எழுதுபவரோடு உட்கார்ந்தேன். நாடகம் எழுதத் தெரிந்தவனுக்கு நாடகம் நடத்தவும் தெரிந்திருக்கும் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். பிறரை நடிக்க வைப்பது தனியொரு தொழில் என்றும், அதையும் ஒருவரிடம் கற்கத்தான் வேண்டும் என்றும் எனக்கு யார் சொன்னார்கள்? பாருங்கள், நானும் 'யாரும் சொல்லவில்லை' என்கிறேன்!

குழந்தைநலத் துறைகளிலே நடப்பதும் இதுவேதான். நேற்று வரை வீடுவீடாய்ச் சென்று நன்றாகப் பணியாற்றியவர், பணி மூப்பால் இன்று திட்ட மேலாளர் ஆகிறார். நேற்று அவர் பொறுப்பிலே இருபது குழந்தைகள். இன்று பத்து ஊழியர்கள், அவர்கள் வழியே இருநூறு குழந்தைகள். குழந்தையோடு பேசக் கற்றவருக்கு, களைத்துப் போன ஓர் ஊழியரோடு பேசக் கற்றுத் தந்தவர் யார்? ஒருவரும் இல்லை. நாற்காலி கொடுத்தார்கள், முத்திரை கொடுத்தார்கள், மாதந்தோறும் நிரப்ப ஓர் அட்டவணையும் கொடுத்தார்கள்.

'கற்பித்தலாவது! தலைமையில் இருப்பவர் தலையைச் சீவுங்கள், தானாகத் திருந்தும்' என்போர் உண்டு. அதையும் பிரிட்டன் செய்து பார்த்தது. 2007 ஆகஸ்ட் 3ஆம் நாள், அதே ஹாரிங்கேயில் — ஆம், அதே ஹாரிங்கேயில் — பீட்டர் என்ற 17 திங்கள் குழந்தை வீட்டிலே அடிபட்டு மாண்டது. மருத்துவரும் ஊழியரும் போலீசாருமாக அறுபது முறை அளவுக்குக் கண்ட குழந்தை. இம்முறை சீற்றம் மேல்நோக்கிப் பாய்ந்தது. 2008 டிசம்பரில், தொலைக்காட்சிக் காமிராக்களின் முன்னாலேயே, துறையின் தலைமை அலுவலரை அகற்ற அமைச்சர் ஆணையிட்டார். அவர் தரப்பை முறையாகக் கேளாமல் அகற்றியது தவறு என்று 2011 மே திங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, முதல் முறை கீழே உள்ளவரை வெட்டினார்கள். அடுத்த முறை மேலே உள்ளவரை வெட்டினார்கள். வாளுக்கு வேலை இருந்தது. அடுத்த குழந்தையின் கோப்பைப் படிக்க யாருக்கும் அது கற்றுத்தரவில்லை.

அதே 2011 மே திங்களில்தான், இலண்டன் பொருளாதாரப் பள்ளியின் பேராசிரியை ஐலீன் மன்ரோ அரசுக்குத் தம் ஆய்வறிக்கையை அளித்தார். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் புதுப்புது விதி, புதுப்புதுப் படிவம் என்று அடுக்கிக்கொண்டே போனதால், குழந்தையைப் பார்க்க வேண்டிய கண்கள் கணிப்பொறியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று அவர் காட்டினார். விதியைக் கடைப்பிடித்தாயா என்று கேட்கும் நிர்வாகத்தை விட்டு, குழந்தைக்கு உதவினாயா என்று கேட்டுக் கற்றுக்கொள்ளும் நிர்வாகத்துக்கு மாறச் சொன்னார். இன்னொன்றையும் அவர் முன்பே ஆய்ந்து சொல்லியிருக்கிறார்: இத்துறையில் உள்ளோர், முதலிலே மனத்தில் விழுந்த கருத்தை எளிதில் கைவிடுவதில்லை. மாறான சான்று கண்ணெதிரே நின்றாலும் அதைக் கடந்து போகிறார்கள்.

விக்டோரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மருத்துவமனையிலே, உடம்பிலிருந்த அடையாளங்களைச் சொறிசிரங்கு என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! அந்த ஒரு சொல் அலுவலகம் அலுவலகமாக நடந்தது. போலீஸ் பின்வாங்கிற்று, ஊழியர் பின்வாங்கினார். அந்த ஊழியரின் எதிரே அமர்ந்து, 'சிரங்கு என்கிறாயே, சிரங்கு இல்லையென்றால் இது வேறென்னவாக இருக்கும்?' என்று கேட்க ஒரு மேலாளருக்குத் தெரிந்திருந்தால்?

மேலாளர் கற்க வேண்டிய தொழிலின் உயிர்நிலை இங்கே இருக்கிறது, தோழர்காள். ஒரு மேலாளர் ஊழியரை அழைத்து, 'இந்த வாரம் எத்தனை வீடு? எத்தனை படிவம்? பாக்கி எத்தனை?' என்று கேட்கிறார்; ஐந்து நிமிடத்தில் முடிகிறது. இன்னொருவர் கேட்கிறார்: குழந்தையைத் தனியே பார்த்தாயா? எந்த மொழியிலே பேசினாய்? (விக்டோரியா பேசியது பிரெஞ்சு, மொழிபெயர்ப்பாளரின் துணையை நாடவேண்டும் என்பதும் அந்த 108ல் ஒன்று.) அது எங்கே தூங்குகிறது, பார்த்தாயா? அந்த வீட்டுப் படியேற உனக்கு அச்சமாக இருக்கிறதா? அச்சம் என்றால் வெட்கப்படாதே, சொல், அடுத்த முறை நானும் வருகிறேன்.

இந்தக் கேள்விகளைக் கேட்பது பிறவிக் குணத்தால் வருவதன்று. ஒரு கோப்பிலே எழுதப்படாமல் விடப்பட்டதைக் கண்டுபிடிப்பது, புதியவர் தலையில் ஏற்றக்கூடாத வழக்கு எது என்று தெரிந்து பிரித்துக் கொடுப்பது, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்ற குரலிலே இருக்கும் நடுக்கத்தைக் கேட்பது, ஆள் போதாது என்பதை எண்ணிக்கையோடு மேலிடத்துக்கு எழுதி வாதாடுவது — இவை கற்றும் பழகியும் வரவேண்டியவை. அமெரிக்காவில் 2008ல் குழந்தைநலப் பணியாளருக்கென்று தேசிய நிறுவனம் ஒன்றை மைய அரசின் நிதியில் அமைத்தபோது, மேற்பார்வையாளருக்கு ஒரு பயிலகம், இடைநிலை மேலாளருக்கு ஒரு பயிலகம் என்று தனித்தனியே வைத்தார்கள். ஊழியருக்கு நடத்தும் வகுப்பையே மேலாளருக்கும் நடத்தினால் போதும் என்று விட்டுவிடவில்லை.

இலண்டன் கதை நமக்கெதற்கு என்பீர்களோ? நமது வீட்டுக்கு வருவோம். இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது நமது சென்னை மாகாணம், 1920ல். பெருமைதான். அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. மாமல்லபுரம் பகுதியின் அநாதை இல்லங்களிலே குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக 2007ல் ஓர் இதழ் எழுதிற்று. உச்ச நீதிமன்றம் அதனையே வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து என்று, நம் நாட்டின் பெயரையே தலைப்பிலே தாங்கிய அவ்வழக்கில், 2017 மே 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இல்லங்கள் அனைத்தையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்க, குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுத்திடுக என்ற ஆணைகளோடு, இப்பணியில் உள்ளோருக்குப் பயிற்சி இன்றியமையாதது என்றும் மன்றம் சொல்லிற்று.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு. அதன் உறுப்பினருக்கு, குழு அறிவிக்கப்பட்ட இரு திங்களுக்குள் தொடக்கப் பயிற்சி தரவேண்டும் என்று சட்டமே நாள் குறித்திருக்கிறது. நன்று. ஆனால், குழு கூடிக் கலைந்த பிறகும் நாள்தோறும் குழந்தைகளின் கோப்புகளைச் சுமப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அதன் அலுவலருக்குக் கீழே பாதுகாப்பு அலுவலர்கள், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், களப் பணியாளர். பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர். நான் பேசிப் பார்த்த சிலரிடம் பயிற்சி பற்றிக் கேட்டேன். மண்டபம் உண்டாம், திரையிலே சட்டப் பிரிவுகள் ஓடுமாம், பகல் உணவு உண்டாம், மாலையில் சான்றிதழ் உண்டாம். 'உங்கள் அலுவலர் உங்களோடு உட்கார்ந்து ஒரு கோப்பை முழுதும் படித்தது எப்போது?' என்றேன். ஒரு பெண் சிரித்தார்; மற்றவர்கள் அதையும் செய்யவில்லை.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? இதே தமிழ்நாட்டிலே, 1980ல், உலக வங்கியின் கடனுதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 6 முதல் 36 திங்கள் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்கு உணவூட்டினர். கிராமத்துப் பெண்கள் செய்த வேலை அது. அப்பெண்களில் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். பணியிடையே கற்பிப்பதற்கென்றே தனிப் பயிற்றுநர்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்றால் பெயர் தெரியும், முகம் தெரியும், எவர் தராசு பிழை காட்டும் என்பதும் தெரியும். எடை போடும் தராசுக்கு அன்று தந்த கவனத்தை, அடிபடும் குழந்தையின் கோப்புக்கு இன்று தரலாகாதா?

ஆகவே, சட்டமன்றத்திலே சமூகநலத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது, நம்மவர்கள் 'எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தீர்கள்?' என்று கேட்டுவிட்டு அமரவேண்டாம். அதற்கு ஓர் எண் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். சென்ற மூன்று திங்களில் மாவட்ட அலுவலர் ஒவ்வொருவரும் எத்தனை கோப்புகளை முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை படித்தார் என்று கேட்கட்டும். அவருக்கு அதைக் கற்பித்தவர் யார், எத்தனை நாள், எந்தக் கோப்பை வைத்துக்கொண்டு என்று கேட்கட்டும். ஒரு களப் பணியாளருக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்கட்டும். மூடப்பட்ட கோப்புகளில், மூடுவதற்கு முன்பு குழந்தையை நேரிலே கண்ட கோப்புகள் எத்தனை என்று, மாவட்டவாரியாக, எழுத்திலே கேட்கட்டும்.