லோகங்களுக்கு ஒரு ஜாபிதா

கற்பனைக்கு அளவுகோல் பிடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கணக்குப்பிள்ளை கணக்கு எழுதட்டும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அவர் சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் பேரேடு எழுதி, அதற்குக் கெட்டி அட்டையும் போட்டு, 'இதில்தான் லோகங்கள் அதிகம். ஆகவே இதுவே உத்தமமான நூல்' என்று ரசிகர்களும் சாதிக்கும்போது, கதை எழுதிப் பிழைக்கிற நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

விஷயம் இதுதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்றொரு ஆட்டத்தை உண்டாக்கினார்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். துணிந்த காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பூமியிலுள்ள குகைகளும் பூதங்களும் அலுத்துப்போனால் வேறு லோகங்களுக்குப் போக வேண்டுமல்லவா? 1977-லேயே கைகாக்ஸ் ஒரு கட்டுரையில் அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று முதல் அந்த லோகங்களை வர்ணிக்கும் நூல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. கதை நடத்துகிறவர் இவற்றில் எதை வாங்குவது?

பெரும்பாலோர் கை காட்டுவது, 1987-ல் ஜெஃப் கிரப் எழுதிய 'மானுவல் ஆஃப் தி பிளேன்ஸ்' என்ற நூலை. 128 பக்கங்களில் பிரபஞ்சம் முழுவதையும் அடக்கிவிட்டார் மனிதர். அக்கினி லோகத்தில் காப்பில்லாமல் நுழைந்தவன் எரிந்துபோவான். மண் லோகத்தில் எங்கும் கெட்டிப் பாறை; நகர இடமில்லை. எந்த லோகத்தில் எந்த மந்திரம் பலிக்கும், எது பொய்க்கும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், 'சரி ஐயா, அங்கே போய் என்ன செய்வது?' என்று கேட்டால் நூல் தடுமாறுகிறது. எரியாமல் இருப்பது எப்படி என்று மட்டும் கற்றுக்கொண்டு திரும்பி வருவதற்கு யாத்திரை என்றா பெயர்?

இதே ஆட்டத்துக்காக 1980-ல் வந்த மற்றொரு நூலில் நம்முடைய இந்திரனுக்கும் அக்கினிக்கும்கூட, எவ்வளவு அடி தாங்குவார்கள் என்று எண் போட்டிருந்தார்கள். நம் பாட்டிமார் சொன்ன கதையில் இந்திரனுக்கு அந்த எண் கிடையாது. அகலிகையின் வாசலில் அவன் பட்ட அவமானம் மட்டும் உண்டு. எது நம் மனத்தில் தங்கியது என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

1994-ல் டேவிட் குக் ஆக்கிய 'பிளேன்ஸ்கேப்' பெட்டியை நான் உயர்த்திச் சொல்வது இதனால்தான். அதில் ஸிகில் என்று ஒரு நகரம். வளையத்தின் உட்புறத்தில் கட்டிய ஊர். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே அடுத்த தெருவின் கூரைகள் தெரியும். அங்கே எந்த வாசலும், எந்த ஜன்னலும் வேறொரு லோகத்துக்கு வழியாக இருக்கலாம். திறப்பதற்குச் சாவி வேண்டும். அந்தச் சாவி ஒரு பொருளாகவும் இருக்கலாம், ஒரு நினைப்பாகவும் இருக்கலாம். ஊரில் 15 கட்சிகள். 'நாமெல்லாம் ஏற்கெனவே செத்தவர்கள்' என்று நம்பும் கட்சிக்குப் பிணங்களை அப்புறப்படுத்தும் வேலை. தெய்வங்களெல்லாம் வேஷம் என்கிற கட்சி, இடிந்த கோயில் ஒன்றில் கூடுகிறது. இவற்றைப் படித்தவுடனே எனக்குப் பாத்திரங்கள் கண்ணில் தெரிகிறார்கள். அளவுகோல் இதைச் செய்யுமா?

அதைவிட முக்கியம், அங்கே நம்பிக்கைக்கு எடை உண்டு. ஒவ்வொரு லோகத்தின் எல்லையிலும் ஒரு வாசல் ஊர் இருக்கிறது. அந்த ஊர் ஜனங்களின் மனம் பக்கத்து லோகத்தின் குணத்துக்கு முழுவதும் சாய்ந்துவிட்டால், ஊரே வீடு வாசலோடு அதற்குள் சரிந்துவிடும். துரோகமும் வஞ்சமும் முற்றினால் ஒரு ஊர் சிறை லோகத்தில் போய் விழும். கதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆடுகிறவன் அங்கே சொல்லும் ஒரு பொய்க்குக்கூட விலை உண்டு.

'படிக்க நன்றாக இருக்கிறது. ஆடினால் வெறும் தத்துவச் சண்டை' என்பார்கள். இருக்கட்டுமே! பூதத்தை வெட்டுவதை எந்தக் குகையிலும் செய்யலாம். அந்தப் பெட்டி முழுவதும் லண்டன் திருடர் பாஷையைத் தூவியிருப்பது சற்று அலுப்புத்தான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

'புதிதாக வந்ததை வாங்குங்கள்' என்பது இன்னொரு கோஷ்டி. 2008-ல் வந்த நூல் பழைய சக்கர அமைப்பையே உடைத்தது. ரசிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். நான் அழவில்லை; காட்டில் வழி தவறியவன் தேவதைகளின் லோகத்துக்குள் போய்விடலாம் என்ற அதன் ஏற்பாடு, நாலு புறமும் ஒத்துப்போகும் படத்தைவிடக் கதைக்கு நெருக்கமானது. 2023-ல் 'பிளேன்ஸ்கேப்' மூன்று புத்தகங்களாக மறுபடி வந்தது. ஆடுகிற விதிகளோடு பொருந்துகிறது என்பதற்காக அதை வாங்குவது நியாயம். புதிது என்பதற்காக மட்டும் வாங்கினால் அது ஜவுளிக்கடை நியாயம்.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்தையும் எண்ண வேண்டாம், லோகத்தையும் எண்ண வேண்டாம். புத்தகத்தை எங்கேயாவது பிரித்து, 'இந்த இடத்தில் யாருக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காவிட்டால் யார் அழுவார்கள்?' என்று கேளுங்கள். பதில் சொன்னால் பணத்தைக் கொடுங்கள். வெப்பத்தின் அளவை மட்டும் சொன்னால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அழுவதற்கு ஆளில்லாத நரகத்துக்கு நாம் போய் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.