ஐந்நூறு ரூபாயும் ஒரு ஆட்டுக்குட்டியும்

பாக்கெட்ல 500 ரூபாய் நோட்டு இருக்கா? மாசக் கடைசியா? அப்ப பக்கத்து பெஞ்ச் பார்ட்டிகிட்ட அஞ்சு நிமிஷத்துக்குக் கடன் வாங்குங்க. சத்தியமா திருப்பிக் குடுத்துடலாம், ஏன்னா இந்த விளையாட்டுல நோட்டு கை மாறவே மாறாது.

நோட்டோட மேல் ஓரத்தை ரெண்டு விரலால பிடிச்சு செங்குத்தாத் தொங்க விடுங்க. எதிர்ல இருக்கிறவர் நோட்டுக்கு நடுவுல, காந்தி தாத்தா மூக்குக்கு நேரா, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாம வெச்சுக்கணும். நீங்க சொல்லாம கொள்ளாம விடுவீங்க. பிடிச்சா நோட்டு அவருக்கு. அவ்ளோதான் ரூல்ஸ்!

போன மாசம் ஆனைமலையில, மாசாணியம்மன் கோயிலுக்குப் போற வழியில ஒரு டீக்கடையில இதை வெச்சு நான் விட்ட சீன் கொஞ்ச நஞ்சமில்ல. நாலு காலேஜ் பசங்க, ஒரு தேங்காய் வியாபாரி, பஸ்ஸுக்கு நின்ன ஒரு பெரியவர்னு வரிசையா வந்தாங்க. எல்லாரும் காத்தைத்தான் பிடிச்சாங்க. பெரியவர் மட்டும், "நோட்டுல ஏதோ எண்ணெய் தடவியிருக்கானுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார்.

எண்ணெயும் இல்ல, மந்திரமும் இல்ல. ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்தான். 500 ரூபாய் நோட்டோட நீளம் 15 சென்டிமீட்டர். விரல் நடுவுல இருக்கிறதால தப்பிச்சுப் போக அதுக்கு ஏழரை சென்டிமீட்டர் போதும். அந்தத் தூரம் விழ ஆகுற நேரம் 0.12 விநாடி. ஆனா நோட்டு விழுதுன்னு கண்ணு பார்த்து, மூளைக்குச் சேதி போயி, மூளை கைக்கு ஆர்டர் போட்டு, விரல் மூடுறதுக்குள்ள சாதாரணமா 0.2 விநாடி ஆயிடும். நோட்டு கீழே விழுந்து கிடக்கும்போதுதான் ஆர்டரே வந்து சேரும். கவர்மென்ட் ஆபீஸ் மாதிரின்னு வெச்சுக்கங்களேன்!

இதை நாம 'ரிஃப்ளெக்ஸ்'னு சொல்றோம். டாக்டருங்க ஒத்துக்க மாட்டாங்க. முழங்காலுக்குக் கீழே சின்ன சுத்தியலால தட்டினா கால் தானா உதறுதே, அதுதான் அசல் ரிஃப்ளெக்ஸ். சேதி மூளைக்குப் போறதில்ல, தண்டுவடத்தோட யூ-டர்ன் அடிச்சுத் திரும்பிடும். அதுக்கு ட்ரெய்னிங்கும் தேவையில்ல, உங்க அனுமதியும் தேவையில்ல. கேட்ச் பிடிக்கிறது, பிரேக் அடிக்கிறது, கேரம் போர்டுல விழப்போற பவுடர் டப்பாவைத் தாவிப் பிடிக்கிறது எல்லாம் மூளை வழியா சுத்திட்டு வர்ற சமாச்சாரம். அதுக்குப் பேரு 'ரியாக்‌ஷன்'.

சரி, ப்ராக்டீஸ் பண்ணா அந்த 0.2 குறையுமா? எனக்கும் அதே சந்தேகம். ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்தேன். தம்பியை விட்டு மேலருந்து விடச் சொல்லி, பூஜ்யத்துக்கு நேரா விரலை வெச்சுப் பிடிச்சேன். 20 சென்டிமீட்டர்ல பிடிச்சா 0.2 விநாடி, 15-ல பிடிச்சா 0.17 சொச்சம். முதல் நாள் சராசரி 23. ஒரு வாரம் தினமும் ஐம்பது தடவை. தம்பி என்னை அடிக்காத குறை. கடைசில 18-க்கு வந்தேன், அதுக்கு மேல நகரல. கணக்குப் போட்டுப் பார்த்தா, ஒரு வார உழைப்புக்குக் கிடைச்ச கூலி ஒரு விநாடியில நாற்பதில் ஒரு பங்கு!

இதுக்காக வருத்தப்படாதீங்க. 2009-ல பெர்லின்ல உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில ஓடினார்ல, அன்னிக்கு துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் கிளம்ப எடுத்துக்கிட்ட நேரம் 0.146. அதே ரேஸ்ல அவரை விட முந்திக் கிளம்பின ஆளுங்க இருந்தாங்க. முந்திக் கிளம்பி என்ன பண்றது?

டீக்கடைக்கு வருவோம். எல்லாரும் பல்பு வாங்கினதுக்கு அப்புறம் என் நண்பன் வந்தான். ஒரு காலத்துல எங்க காலேஜ் கபடி டீம்ல இடது கார்னர். இப்ப வேட்டைக்காரன்புதூர் பக்கம் தென்னந்தோப்பு, தேங்காய் மட்டைன்னு பிசி. அசால்ட்டா விரலை நீட்டினான். அஞ்சு தடவை விட்டேன். ரெண்டு தடவை பிடிச்சுட்டான்!

"எப்படிடா?"ன்னேன்.

"எல்லாரும் நோட்டைப் பாக்கறானுங்க. நான் உன்ற கட்டைவெரலைப் பாத்தேன். நீ உடறதுக்கு முன்னாடி அது லேசா வெளுக்குது மாப்ள."

அவன் கை என் கையை விட வேகம் கிடையாது. ஸ்கேல் டெஸ்ட் வெச்சா 19-ல நிப்பான், அவ்ளோதான். அவன் முன்னாடியே பாக்கறான். இது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்ச விஷயமான்னு கேட்டா, இல்ல. ரொம்ப வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அந்தக் கதையைச் சொல்றதுக்குக் கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கு.

காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆனைமலையிலிருந்து வேட்டைக்காரன்புதூர் போற ரோடு. ரெண்டு பக்கமும் தென்னை, நடுவுல நானும் என் பைக்கும். பின்னாடி இவன். ஹெல்மெட் பத்திரமா பெட்ரோல் டேங்க் மேல. ஆழியாறுலேர்ந்து வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவையும் ஓட்டின ஆளுங்கிற மிதப்பு வேற. 'நமக்கு ரிஃப்ளெக்ஸ் செம மச்சி'ன்னு அடிக்கடி சொல்லிக்குவேன். வேகம் 50-க்குக் குறையாது.

இடது பக்கம் ஒரு வெள்ளாடு மேய்ஞ்சிட்டு இருந்தது. இவன் பின்னாலருந்து "டேய், குட்டி!"ன்னு கத்தினான். நான் பாதி திரும்பி, "என்னடா?"ன்னு கேட்டேன்.

ரோட்டுக்கு வலது பக்கம் குட்டி இருந்திருக்கு. தாய் அந்தப் பக்கம், குட்டி இந்தப் பக்கம்னா குட்டி குறுக்கே ஓடும்னு அவனுக்குத் தெரியும். நான் ஆட்டை மட்டும் பார்த்தேன், அதுவும் அலங்காரத்துக்கு. குட்டி பாய்ஞ்சதுக்கு அப்புறம் பிரேக்கை மிதிச்சேன். குட்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு முழங்கையில ஏழு தையல். அவனுக்குக் காறை எலும்பு முறிஞ்சது. பதினோரு நாள் கழிச்சு பல்கலைக்கழக டீம் செலக்‌ஷன். கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு வேடிக்கை பார்க்கப் போனான். அடுத்த வருஷம் கூப்பிடல.

50 கிலோமீட்டர் வேகம்னா விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். நான் ஸ்கேல் பிடிச்சுப் பிடிச்சு சம்பாதிச்ச விநாடியில நாற்பதில் ஒரு பங்கு, அந்த ரோட்டுல ஒரு அடி சொச்சம். அவன் கத்தினது குட்டி நகர்றதுக்கு ஒரு விநாடி முன்னாடி இருக்கும். அது 14 மீட்டர். நிதானமா நின்னு, "போ தாயி"ன்னு வழி விட்டிருக்கலாம்.

இப்ப சாயங்காலம் அவன் தோப்புக்குப் பக்கத்துல பசங்களுக்குக் கபடி சொல்லித் தர்றான். ரைடர் உள்ள வந்தா கையைப் பாக்கக் கூடாது. கை பொய் சொல்லும், கண்ணு அதைவிடப் பெரிய பொய் சொல்லும். இடுப்பைப் பாக்கணும். இடுப்பு திரும்பாம ஆள் திரும்ப முடியாது. இதுக்காக அவன் வெச்சிருக்கிற பயிற்சி பார்க்கவே வேடிக்கையா இருக்கும். பத்து நிமிஷம் யாரும் யாரையும் பிடிக்கக் கூடாது. ரைடர் எந்தப் பக்கம் போகப் போறான்னு வாயால கத்தணும், அவ்ளோதான். முதல் நாள் எல்லாரும் லேட்டாக் கத்துறாங்க. ரெண்டு வாரத்துல ரைடருக்கே தெரியறதுக்கு முன்னாடி கத்துறாங்க!

கிரிக்கெட்லயும் இதே மேட்டர்தான். 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து பேட்ஸ்மேன்கிட்ட வர சுமார் அரை விநாடி. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பேட்ஸ்மேன்கள் தலையில கேமராவை மாட்டிக் கண்ணு எங்கே போகுதுன்னு பார்த்து 2000-ல எழுதினாங்க. 'பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே'ன்னு கோச் கத்துவாரே, யாரும் அப்படிச் செய்யறதில்லையாம். பந்து கையை விட்டுக் கிளம்பினதும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அது குத்தப் போற இடத்துக்குக் கண்ணு தாவிப் போய் அங்கே காத்திருக்கும். ஆட்டக்காரர் எவ்வளவு கில்லாடியோ, அவ்வளவு சீக்கிரம் தாவும்.

"பார்க்கிறது ஓகே பாஸ், எனக்குக் கையும் காலும் ஒண்ணா வரவே வராதே"ங்கிற கோஷ்டிக்கு இப்ப வர்றேன். நானும் அந்தக் கோஷ்டிதான். பரிகாரமா நண்பன் என்னை இழுத்துட்டுப் போன இடம், பக்கத்து ஊர் கோயில் திடல்ல நடந்த வள்ளி கும்மி பயிற்சி.

கொங்கு ஊர்கள்ல இப்ப வள்ளி கும்மிதான் ஹாட் டாபிக். வள்ளி தினைப்புனம் காத்து, முருகன் வேடனா, கிழவனா வந்து கல்யாணம் கட்டுற கதையை வாத்தியார் பாடப் பாட, வட்டமா நின்னு அடி வெச்சுக் கும்மி கொட்டணும். மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி வாத்தியார் பத்ரப்பனுக்கு 2024-ல பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அப்ப அவருக்கு வயசு 87. ஆண்கள் மட்டும் ஆடிக்கிட்டு இருந்த வட்டத்துக்குள்ள பெண்களைக் கொண்டு வந்தவர். நான் போன திடல்ல ஆறாங்கிளாஸ் பாப்பாவும் இருந்தது, பேரன் எடுத்த அம்மணிகளும் இருந்தாங்க. எல்லாரும் என்னை விட நல்லா ஆடினாங்கங்கிறதை இங்கேயே ஒத்துக்கிறேன்.

முதல் வாரம் வெறும் கால். கையை ஆட்டினாலே திட்டு விழும். அது கால்ல ஏறின பிறகு கைத்தட்டல். அப்புறம்தான் குனிஞ்சு நிமிர்ந்து திரும்புறது. நான் என்ன செஞ்சேன்னா, நைஸா முன்னாடி ஆடுற அக்காவோட காலைப் பார்த்துப் பார்த்து ஆடினேன். எப்பவும் அரை அடி பின்னாடி. அவங்க திரும்பி முடிச்சு என் மூஞ்சியைப் பார்க்கும்போது நான் அவங்க மூஞ்சியைப் பார்த்துட்டு நிப்பேன்!

நாலாவது நாள் வாத்தியார் பாட்டை நிறுத்திட்டார். "ஏனுங்க தம்பி, அடுத்தவிங்க காலைப் பாத்து ஆடுனா ஆகுங்களா? அவிங்க வெச்ச அடிய நீங்க வெக்கறக்குள்ள பாட்டு போயிருதுங்க. காதைப் பாட்டுல வெய்ங்க."

அட, அதே 0.2 விநாடி! அடுத்தவங்க காலைப் பார்த்து ஆடினா விழுற நோட்டைத் துரத்துற கதைதான். பாட்டைக் கேட்டா, அடுத்த தட்டு எப்ப விழும்னு முன்னாடியே தெரிஞ்சிடுது. இதை நீங்களே பார்க்கலாம். ஒரே சீரா 'டிக்... டிக்'னு வர்ற சத்தத்துக்கு விரலால மேஜையைத் தட்டச் சொன்னா, பெரும்பாலான ஆளுங்க சத்தத்துக்கு ஒரு துளி முந்தியே தட்டுவாங்க. சேர்ந்து தட்டுறதாத்தான் அவங்க நினைப்பு. மூளை காத்திருக்கல, கணிச்சுடுது. தாளம் கிடைச்சா எல்லாருக்கும் இது வரும், எனக்கே வந்துச்சுன்னா பாருங்க.

இன்னொரு ஆச்சரியம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி முழுக்க சொதப்பின ஒரு திருப்பம், வெள்ளிக்கிழமை தானா வந்துடுச்சு. நடுவுல நான் பண்ணின ஒரே வேலை தூங்கினதுதான். விரலால ஒரு வரிசையைத் தட்டப் பழகினவங்க ஒரு நல்ல தூக்கத்துக்கு அப்புறம் இன்னும் வேகமாத் தட்டுறாங்கன்னு 2002-லயே ஆய்வு வந்திருக்கு. மேட்சுக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கிற கேப்டன்கள் கவனிக்க.

ஹாஸ்டல் ரூம்லயே பழக ஏதாவது சொல்லுங்கன்னா, மூணு எலுமிச்சம்பழம் வாங்குங்க. மாத்தி மாத்தி மேலே போட்டுப் பிடிக்கிற வித்தை. சர்க்கஸ்னு நினைக்காதீங்க, நம்ம ஊர்ப் பொண்ணுங்க விளையாடின அம்மானைதான். சிலப்பதிகாரத்துல வாழ்த்துக் காதையில அம்மானை வரின்னே ஒரு பகுதி இருக்கு. ஜெர்மனியில சில பேருக்கு இந்த மூணு பந்து வித்தையை மூணு மாசம் பழக்கி, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்து 2004-ல எழுதினாங்க. மூளையில சில இடம் கொஞ்சம் பருத்திருந்தது. எந்த இடம்னு நினைக்கிறீங்க? கையை ஆட்டுற இடம் இல்ல, நகர்ற பொருளைப் பார்க்கிற இடம்! பயிற்சியை விட்டு மூணு மாசத்துல அது மறுபடியும் இளைக்க ஆரம்பிச்சிடுச்சு.

முதல்ல ஒரே ஒரு பழம். பழத்தைப் பிடிக்கிற கையைப் பார்க்காதீங்க, அது உச்சிக்குப் போற இடத்தைப் பாருங்க. அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. கட்டிலுக்கு முன்னாடி நின்னு பழகினா ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு எடுக்க வேணாம், இடுப்பு தப்பிக்கும். பழம் நசுங்கிட்டா ஜூஸ்.

கும்மி அரங்கேற்றம் நல்லபடியா முடிஞ்சது. ரெண்டே இடத்துலதான் தப்பு விட்டேன். அந்த ஜோர்ல மறுநாள் அதே டீக்கடையில நண்பனைப் பிடிச்சு, "இந்தத் தடவை நீ நோட்டைப் பிடி, நான் பிடிக்கிறேன்டா"ன்னேன். பந்தயம் டீ செலவு. அவன் 500 ரூபாயைத் தொங்க விட்டான். நான் நோட்டைத் திரும்பியும் பார்க்கல. கண்ணு மொத்தமும் அவன் கட்டைவிரல் மேலயே. அது லேசா வெளுத்துச்சு. டபக்குன்னு மூடினேன்.

நோட்டு என் விரலுக்குள்ளதான் இருந்தது. ஆனா மேல் ஓரம் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. விடவே இல்ல பாவி! வெறும் விரலை மட்டும் அசைச்சிருக்கான்.

"ரைடர் பொய் சொல்லுவான்னு அன்னிக்கே சொன்னேனே மாப்ள"ன்னு சிரிச்சான். டீக்கடை அண்ணன் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, "தம்பி, நாலு டீ, ரெண்டு வடைங்க"ன்னார். நான்தான் குடுத்தேன்.