பரிசு வாங்கிய கார்! எதற்காகக் கொடுத்த பரிசு?

"ஆண்டின் சிறந்த கார்!"

இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. காரின் படத்துக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு கோப்பை. "விருது பெற்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

மதுரையில் ஒரு குடும்பம் முதல் முதலாகக் கார் வாங்க நினைக்கிறது. பல வருடச் சேமிப்பு. குலதெய்வம் கோவிலுக்குப் போக வேண்டும். அழகர்கோவிலுக்குப் போக வேண்டும். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். எந்தக் காரை வாங்குவது என்று தெரியவில்லை. கோப்பையின் படத்தைப் பார்த்ததும் மனத்தில் ஒரு தைரியம் பிறக்கிறது. "நாலு பேர் பார்த்துத்தானே பரிசு கொடுத்திருப்பார்கள்!"

நியாயமான எண்ணந்தான். ஆனால், அந்த நாலு பேர் எதைப் பார்த்தார்கள்? அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

மோத விட்டுப் பார்த்தார்கள்!

2014-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு செய்தி வந்தது. இந்தியாவில் விற்கும் 5 சிறிய கார்களை, குளோபல் என்காப் என்ற ஸ்தாபனம் தடுப்பில் மோத விட்டுச் சோதித்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். காருக்குள் மனிதர்கள் இல்லை. மனிதரைப் போலவே செய்த பொம்மைகளை உட்கார வைத்திருந்தார்கள். மோதிய பிறகு, பொம்மையின் தலையில் எவ்வளவு அடி, மார்பில் எவ்வளவு அடி என்று கணக்கு எடுத்தார்கள்.

மாருதி ஆல்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. இவைதான் அந்த 5 கார்கள்.

பெரியவர்களுக்கு உள்ள பாதுகாப்பில் இவை வாங்கிய நட்சத்திரம் எத்தனை? 5-க்கு ஒன்றுகூட இல்லை. ஐந்துக்கும் பூஜ்யம்!

இதில் ஒரு விசேஷம் உண்டு. "இந்திய ஆண்டின் சிறந்த கார்" என்ற விருதை 2008-ம் ஆண்டு வாங்கியது எது? ஹூண்டாய் ஐ10. 2010-ம் ஆண்டு வாங்கியது? டாட்டா நானோ. 2011-ம் ஆண்டு? ஃபோர்டு ஃபிகோ. பூஜ்யம் வாங்கிய 5 கார்களில் 3 கார்கள், கோப்பை வாங்கிய கார்கள்!

இவற்றில் ஐ10 நம் ஸ்ரீபெரும்புதூரில் செய்யப்பட்டது. ஃபிகோ மறைமலை நகரில் செய்யப்பட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம் ஆகிவிடும். சோதனைக்கு எடுத்தவை எல்லாம், விலை மிகக் குறைந்த ரகங்கள். அவற்றில் காற்றுப்பை கிடையாது. (கார் மோதியவுடன் கண் இமைக்கும் நேரத்தில் பலூன் போல விரிந்து தலையையும் மார்பையும் தாங்குவதுதான் காற்றுப்பை. "ஏர் பேக்" என்பார்கள்.) அதே போலோ காரில் 2 காற்றுப்பை வைத்து மோத விட்டபோது 4 நட்சத்திரம் கிடைத்தது. காற்றுப்பை இல்லாத ரகத்தையே அந்தக் கம்பெனி விற்பனையில் இருந்து எடுத்துவிட்டது.

ஆனால் எல்லாக் கார்களின் கதையும் போலோவின் கதை அல்ல. போலோ, ஃபிகோ இரண்டின் கூடும் மோதலைத் தாங்கி நின்றன. ஆல்டோ, நானோ, ஐ10 ஆகியவற்றின் கூடே வலுவாக இல்லை என்று சோதித்தவர்கள் சொன்னார்கள். கூடு நசுங்கினால் காற்றுப்பை மட்டும் என்ன செய்யும்?

பொய் சொன்னது யார்?

யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி.

"ஆண்டின் சிறந்த கார்" விருதைக் கொடுப்பவர்கள் மோட்டார் பத்திரிகைகளில் எழுதுகிற நிருபர்கள். அந்த வருடம் புதிதாக வந்த கார்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். விலைக்குத் தகுந்த சரக்கா, உட்கார வசதியா, எண்ணெய் அதிகம் குடிக்கிறதா, ஓட்டச் சுகமாக இருக்கிறதா, பார்க்க அழகா, பாதுகாப்புக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து மார்க் போடுகிறார்கள். அதில் முதலாவது வந்த காருக்குக் கோப்பை. காரை உடைத்துப் பார்ப்பது அவர்கள் வேலை அல்ல.

ஐ10 ஓட்டச் சுகமான கார்தான். நானோவின் மலிவு விலை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பரிசு கொடுத்ததில் தவறில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையன் என்பதற்காக அவனை வைகையில் தள்ளி நீந்தச் சொல்ல முடியுமா? (வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.) படிப்புக்குக் கொடுத்த பரிசு படிப்புக்குத்தான்.

கோப்பைப் படத்தை அச்சிடுகிறவர்கள், எதற்குக் கொடுத்த கோப்பை என்பதை மட்டும் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். சிலர் அதையும் போடுவதில்லை.

மதுரையில் பிறந்த கம்பெனி

பரிசுகளில் வேறு ஒரு வகை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள மதுரைக்காரர்கள் வெகு தூரம் போக வேண்டாம். டி.வி.எஸ். கதையைக் கேட்டாலே போதும்.

திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அவர் 1911-ம் ஆண்டு மதுரையில் மோட்டார்த் தொழிலைத் தொடங்கினார். பஸ் விட்டார். தப்படித்த மண் ரோடு. மாட்டின் குளம்பில் இருந்து கழன்ற லாட ஆணிகள் ரோடு எங்கும் கிடக்கும். டயரில் ஏறினால் பிரயாணிகள் நடு வழியில் நிற்க வேண்டியதுதான். அந்த ஆணிகளைப் பொறுக்குவதற்கு என்றே காந்தம் கட்டிய வண்டியை அவர் ரோட்டில் ஓட விட்டார் என்பார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணி திருத்திக்கொண்ட கதையை மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இதற்கெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் மெடல் கொடுக்கவில்லை!

1955-ம் ஆண்டு அவர் காலமானார். பஸ் தொழில் பின்னால் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. குடும்பத்தார் மோட்டார் உறுப்புகள் செய்வதில் இறங்கினார்கள். பிரேக், போல்ட், டயர், பிறகு மொபெட், மோட்டார் சைக்கிள் என்று தொழில் வளர்ந்தது. மதுரை முழுக் கார் செய்யும் ஊர் அல்ல. ஆனால் மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டிக்குப் போனால் டயர் தொழிற்சாலையைப் பார்க்கலாம். சென்னைப் பாடியில், ஒசூரில் எல்லாம் மதுரையில் இருந்து கிளம்பிய குடும்பத்தின் தொழிற்சாலைகள் எழுந்தன. (இன்று அந்தத் தொழில்கள் ஒரே குடும்பக் கூட்டாக இல்லை. வாரிசுகள் தனித் தனியே பிரித்துக்கொண்டு நடத்துகிறார்கள்.)

ஜப்பான் கொடுத்த மெடல்

1998-ம் ஆண்டு, பாடியில் பிரேக் செய்துவந்த சுந்தரம்-கிளேட்டன் கம்பெனிக்கு ஜப்பானில் இருந்து ஒரு பரிசு கிடைத்தது. அதன் பெயர் டெமிங் பரிசு. இந்தியாவில் அதற்கு முன் எந்தக் கம்பெனியும் அதை வாங்கியது இல்லை. 2002-ம் ஆண்டு ஒசூரின் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி அதே பரிசை வாங்கியது. இரண்டு சக்கர வாகனம் செய்யும் கம்பெனி ஒன்று இதை வாங்கியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

டெமிங் என்பவர் யார்? அவர் ஜப்பானியர் அல்ல, அமெரிக்கர். புள்ளிக் கணக்கு நிபுணர். போரில் அடிபட்டுக் கிடந்த ஜப்பானுக்கு 1950-ம் ஆண்டு போனார். அங்குள்ள என்ஜினீயர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் நடத்தினார். அந்தப் பாடம் புத்தகமாக வந்தது. அதில் தனக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அந்தப் பணத்தைக்கொண்டு 1951-ம் ஆண்டு ஜப்பானியர் அவர் பெயரிலேயே பரிசை ஏற்படுத்தினார்கள்.

அவர் சொன்ன பாடம் என்ன? மதுரைச் சுங்குடிச் சேலையை வைத்தே சொல்லலாம்.

நூறு சேலைக்குச் சாயம் போடுகிறார்கள். பத்துச் சேலையில் சாயம் திட்டுத் திட்டாக விழுந்துவிட்டது. அந்தப் பத்தைப் பொறுக்கி எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மீதியை விற்பது ஒரு வழி. சாயம் கலக்கிய அளவு சரிதானா, தண்ணீரின் சூடு சரிதானா, எந்த இடத்தில் பிசகு நடந்தது என்று தேடிப் பிடித்து, அடுத்த தடவை ஒரு சேலைகூடக் கெடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போங்கள் என்றார் டெமிங். "தொழிலாளி கவனக் குறைவு" என்று பழி போடுகிற முதலாளிகளை அவருக்குப் பிடிக்காது. பெரும்பாலான குறைக்குக் காரணம் வேலை நடக்கிற முறை. முறையைச் சரி செய்ய வேண்டியவர் நிர்வாகி என்பது அவர் கட்சி.

இந்தப் பரிசு பந்தயம் அல்ல. முதலாவது, இரண்டாவது கிடையாது. பரீட்சை மாதிரி. தேறுகிறவர் எல்லோருக்கும் பரிசு. யாரும் தேறாவிட்டால் யாருக்கும் இல்லை. பரிசு கேட்கும் கம்பெனி, தன் வேலை முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு நிபுணர்கள் நேரிலேயே வருவார்கள். பட்டறைக்குள் போவார்கள். தலைவரையும் கேட்பார்கள், யந்திரத்தின் முன்னால் நிற்பவரையும் கேட்பார்கள். எழுதிக் கொடுத்ததும் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குத் தயாராவதற்கே கம்பெனிகளுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஜப்பானுக்கு வெளியே இந்தப் பரிசை மிக அதிகமாக வாங்கியிருப்பது இந்தியக் கம்பெனிகள்தான். அதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு.

வாங்குகிறவரே கொடுக்கும் பரிசும் இருக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, தனக்கு உறுப்புகள் அனுப்பும் கம்பெனிகளில் சிறந்தவற்றுக்கு வருடா வருடம் விருது கொடுத்தது. பாடியில் உள்ள சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1996-ம் ஆண்டு முதல் அதைப் பல முறை வாங்கியது. அனுப்பியது என்ன தெரியுமா? ரேடியேட்டர் மூடி! காரின் என்ஜின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. சின்னச் சாமான்தான். கெட்டுப் போனால் கார் நடு ரோட்டில் புகை விட்டு நிற்கும். காசு கொடுத்து வாங்கி, பூட்டி ஓட்டிப் பார்த்தவரே கொடுக்கிற பரிசுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

இருந்தாலும், டெமிங் பரிசும் தொழிற்சாலைக்குத்தான். ஆயிரமாவது வண்டியும் முதல் வண்டி மாதிரியே இருக்கும் என்பதற்கு அது சாட்சி. மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதற்கு அது சாட்சி அல்ல.

இப்போது நம் நாட்டிலேயே சோதனை

2014-ம் ஆண்டு வந்த பூஜ்யம் வீண் போகவில்லை. கம்பெனிகள் கூச்சப்பட்டன. அரசாங்கமும் சட்டத்தை இறுக்கியது. 2019-ம் ஆண்டு ஜூலை முதல் ஓட்டுகிறவருக்குக் காற்றுப்பை கட்டாயம் ஆயிற்று. பிறகு பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கட்டாயம் ஆயிற்று. 2018-ம் ஆண்டு டிசம்பரில் டாட்டா நெக்சான் 5 நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் செய்த கார் ஒன்று குளோபல் என்காப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது அதுவே முதல் தடவை. நானோ செய்த அதே கம்பெனி!

கோப்பையும் நட்சத்திரமும் ஒரே காருக்குக் கிடைத்ததும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்தில் உள்ள மஹிந்திரா ஆராய்ச்சிக் கூடத்தில் உருவான எக்ஸ்.யூ.வி. 700 கார், 2021-ல் 5 நட்சத்திரம் வாங்கியது. 2022-ம் ஆண்டின் சிறந்த கார் விருதும் அதற்கே கிடைத்தது.

2023-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் "பாரத் என்காப்" என்ற பெயரில் இந்தியாவே இந்தச் சோதனையை நடத்துகிறது. ஆனால் இந்தச் சோதனைக்குக் காரை அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அனுப்புவதும் அனுப்பாததும் கம்பெனியின் இஷ்டம். ஆகவே, கடைக்காரரிடம் "என்ன விருது?" என்று கேட்பதை விட, "எத்தனை நட்சத்திரம்? நான் வாங்கும் இதே ரகத்துக்கா?" என்று கேட்பது புத்திசாலித்தனம்.

பழைய கார் வாங்குகிறவர்கள்

புதுக் கார் வாங்குகிறவர்களுக்காவது சட்டம் துணை இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்களுக்கு?

2008, 2010, 2011-ம் ஆண்டுகளில் கோப்பை வாங்கிய கார்கள் மறைந்து போய்விடவில்லை. அவை கை மாறிக்கொண்டு இருக்கின்றன. குறைந்த பணத்தில் கார் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு அவைதான் எட்டும். "அந்தக் காலத்திலேயே விருது வாங்கிய வண்டி" என்று தரகர் சொன்னால் அதில் பொய் இல்லை. ஆனால் அதே வண்டியில்தான் திருமங்கலம் நாலு வழிச் சாலையில், பெரிய லாரிகளுக்கு நடுவே, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். 64 கிலோமீட்டர் என்பது அந்தச் சாலையில் சாதாரண வேகம்.

காரைப் பார்க்கப் போகும்போது ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் "எஸ்.ஆர்.எஸ்." அல்லது "ஏர்பேக்" என்று ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து சீட்டுக்கு எதிரிலும் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள், படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் சொல்லிவிடும். எழுத்து இருந்தால் மட்டும் போதாது. சாவியைத் திருப்பியதும், ஆள் உட்கார்ந்து எதிரில் ஒரு பந்து இருப்பது போன்ற சிவப்பு விளக்கு எரியும். சில விநாடிகளில் அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் காற்றுப்பையில் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறு தெரியாமல் இருக்க விளக்கையே யாராவது பிடுங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை, தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரையில் முன்பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது.