எக்ஸ்பிக்குள் பூட்டிக் கிடக்கும் நூல்கள்

விண்டோஸ் எக்ஸ்பியை விட மறுப்பவரைப் பழமைவாதி என்று சிரித்து ஒதுக்கிவிடுவது எளிது. சேலம், நாமக்கல் வட்டாரத்து டிடிபி கடைகளை அறிந்தவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை, ஆடித் திருவிழாத் துண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கோழிப்பண்ணைக்கான பில் புத்தகம், இவற்றுக்கு நடுவே ஒரு கவிதைத் தொகுப்பு, நான்கு இதழோடு நின்றுபோன ஒரு சிற்றிதழ் என எல்லாமே ஒரே கணினியில் கோக்கப்பட்டவை. கோத்த மென்பொருள் பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பான ஏழாவது 2001இல் வந்தது. ஒருங்குறித் தமிழை அது அறியாது. எழுத்துருத் தொகுப்புகளில் சில, கணினியின் பின்புறம் செருகும் பூட்டோடு வந்தவை. கடைக்காரரின் விரல்களோ பழைய தட்டச்சு முறையில் ஊறியவை. இம்மூன்றையும் ஒருசேர ஓட்டித் தருவது எக்ஸ்பி. புதியதற்கு மாறினால் இவற்றில் எது நிற்கும், எது விழும் என்று அவருக்கு உறுதி சொல்வார் யாருமில்லை. ஆகவே அவர் மாறவில்லை. அவருடைய கணக்கில் பிழை இல்லை.

ஆயினும் என் சண்டை அவரோடும், அவரை ஆதரித்துப் பேசும் எழுத்தாள நண்பர்களோடும்தான். ‘ஓடுகிற வண்டியை ஏன் மாற்ற வேண்டும்?’ என்கிறார்கள். வண்டியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதில் ஏற்றியிருக்கும் சரக்கைப் பற்றித்தான் கவலை.

பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஒரு நாவலின் கோப்பில் தமிழே கிடையாது என்பதை எத்தனை ஆசிரியர்கள் அறிவார்கள்? ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும்தான். அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. போர்வையை உருவினால் உள்ளே இருப்பது அர்த்தமற்ற ஆங்கிலக் குப்பை. அந்தக் கோப்பில் ‘அம்மா’ என்று தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது. ‘பிடிஎஃப் இருக்கிறதே’ என்பார்கள். அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், தெரியும். ‘அச்சுப் புத்தகம் இருக்கிறதே’ என்றால், ஐந்நூறு படி அச்சிட்ட நூலுக்கு இரண்டாம் பதிப்பு எதிலிருந்து வரும்? மறுபடி முதலிலிருந்து தட்டச்சுதான். மறுபடி புதிய பிழைகள்தான்.

இதே சண்டையை நாம் ஒருமுறை போட்டிருக்கிறோம். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸில் அது ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது விண்டோஸ் 2000இல்தான். எக்ஸ்பியில்கூடக் குறுவட்டைப் போட்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் 98ஐ விடமாட்டோம் என்று அன்று அடம்பிடித்தவர்களின் திரையில் தமிழுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது நினைவிருக்கலாம். அன்று எக்ஸ்பிதான் புதுமை! அரசும் சும்மா இருக்கவில்லை. 1999இல் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரு குறியீடுகளை ஏற்றது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தது. பதினோரு ஆண்டில் ஒரு தரம் பழசாகிவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், குறியீடு மாறியபோதெல்லாம் தன் நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தது. அதனால்தான் இன்றும் அவற்றைப் படிக்க முடிகிறது. தன்னார்வலர்கள் செய்த வேலை அது. நம் சிறு பதிப்பாளர்களுக்கு மட்டும் ஏன் முடியாது?

மாறச் சொல்லும் வியாபாரிகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது. பத்தாம் விண்டோஸுக்கான இலவச ஆதரவுக்கு 2025 அக்டோபர் 14 என்று நாள் குறித்தது. பதினொன்றுக்கு அது விதித்த வன்பொருள் நிபந்தனைகளால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஏராளமாகத் தகுதியிழந்தன. ‘புதிதாக வாங்குங்கள்’ என்ற அறிவுரைக்குப் பின்னால் யாருடைய லாபம் இருக்கிறது என்று தெரியாதவர்கள் அல்ல நாம். 2014இல் தமிழக அரசு தன் துறைகளை எக்ஸ்பியிலிருந்து சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. திசை சரியானது. பழைய கணினியைக் குப்பையில் போடாமல் லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம், காசும் இல்லை. ஆனால் வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பு லினக்ஸிலும் அதே ஊமைக் கோப்புதான். எழுத்துருவை நிறுவினால் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவே.

‘இணையத்தில் இணைக்காமல் வைத்திருக்கிறேன், வைரஸ் வராது’ என்ற சமாதானத்தையும் கேட்டிருக்கிறேன். ஊரில் உள்ள பென்டிரைவ் அனைத்தும் வந்து நுழையும் இடம் டிடிபி கடை! 2017 மே மாதத்தில் வானாகிரை உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒட்டுப்போட வேண்டியிருந்தது. எல்லா முறையும் அப்படி இரங்குவார்கள் என்று நம்புவதற்கில்லை. அதைவிட எளிய சாவு ஒன்று உண்டு. வன்தட்டு ஒருநாள் தானே நின்றுவிடும்.

ஆக, எக்ஸ்பியை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது கடைக்காரரின் விருப்பம். நூலை ஒருங்குறிக்கு மாற்றுவது அவர் விருப்பத்துக்கு விடக்கூடியதன்று. அது ஆசிரியரின் பொறுப்பு. சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி என்று இதற்கான கருவிகள் இரண்டாயிரங்களிலேயே இலவசமாக வந்துவிட்டன. பக்கம் கோப்பதற்கு இன்டிசைனின் பிற்காலப் பதிப்புகள் உண்டு, இலவசமாக ஸ்கிரைபஸ் உண்டு. ஒன்று மட்டும்: மாற்றி முடித்தபின் மனிதக் கண் பட வேண்டும். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் ‘கௌரவம்’ பெரும்பாலும் ‘கெளரவம்’ ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால்தான் குட்டு வெளிப்படும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். முந்நூறு பக்க நாவலுக்கு நாலைந்து மாலைப்பொழுதுகள் ஆகலாம். பத்தாண்டு எழுதிய நூலுக்கு இது அதிகமா?

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அந்தக் கடைக்குப் போய் உங்கள் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கூடவே எழுத்துருவின் பெயரையும் அதன் கோப்பையும் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் எந்த மாற்றியில் எதைத் தெரிவு செய்வது என்றே தெரியாது. அந்தப் பெயர் கடைக்காரருக்கு மட்டும்தான் நினைவிருக்கும்.