பெரிய நிறுவனம் சிறியதை விழுங்கிவிடுமா?

புதிதாகத் தொடங்கிய நிறுவனம் எடுத்த எடுப்பிலேயே பெரிய நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்தால் எழுந்திருக்கவே முடியாது என்பது தொழில் வட்டாரத்தில் ஊறிப்போன கருத்து. தனியாகப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்து காட்டு, பேரமெல்லாம் அப்புறம் என்ற அறிவுரையும் கூடவே வரும். மருந்துத் துறையில் நடந்தது வேறு.

தனியாக நிற்கும் யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1976இல் ஹெர்பர்ட் போயரும் ராபர்ட் சுவான்சனும் கலிபோர்னியாவில் தொடங்கிய ஜெனன்டெக், 1978 ஆகஸ்டில் பாக்டீரியாவின் துணையோடு மனித இன்சுலினை உருவாக்கியது. ஆய்வகத்தில் கிடைத்ததோ மிகச் சிறிய அளவு. அதைப் பெரிய கலன்களில் விளைவிக்கவும், நோயாளிகளிடம் சோதிக்கவும், அரசு அனுமதி வாங்கவும், ஊரெங்கும் விற்கவும் அதனிடம் ஆலையும் இல்லை, ஆளும் இல்லை. இவை எல்லாம் எலி லில்லியிடம் இருந்தன. 1923 முதல் இன்சுலின் விற்றுவந்த நிறுவனம் அது. அதே ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1982 அக்டோபரில் இந்த இன்சுலின் ‘ஹ்யூமுலின்’ என்ற பெயரில் அமெரிக்க அனுமதி பெற்றது. மரபணு மாற்றத் தொழில்நுட்பத்தில் உருவாகி அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான்.

பெரிய நிறுவனம் பொறுத்திருந்து, தேறியதை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த வாதம். லில்லிக்கு அந்த அவகாசம் இல்லை. அதன் இன்சுலின் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து வந்தது. இறைச்சிக் கூடத்தில் எத்தனை விலங்குகள் வெட்டப்படுகின்றனவோ அந்த அளவுக்குத்தான் மூலப்பொருள். நோயாளிகள் பெருகினால் தட்டுப்பாடு வரும் என்ற அச்சம் இருந்தது. டென்மார்க்கின் நோவோவும் பன்றி இன்சுலினை மனித இன்சுலினாக மாற்றும் வழியில் இறங்கியது.

விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு வருவோம். லில்லி விற்ற இன்சுலினுக்கு ஜெனன்டெக் ராயல்டி பெற்றது. 1980இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1985இல் வளர்ச்சி ஹார்மோன் மருந்தைத் தன் பெயரிலேயே விற்றது. பிற்பாடு இரு நிறுவனங்களும் நீதிமன்றப் படி ஏறியதும் உண்மை. கூட்டு என்பது நட்பு அல்ல. ஜெனன்டெக்கைக் கடைசியில் ரோஷ் என்ற பெரிய மருந்து நிறுவனம் வாங்கியதே என்று கேட்கலாம். பெரும்பான்மைப் பங்கு 1990இல்தான் கைமாறியது. மிச்சத்துக்கு 2009இல் ரோஷ் கொடுத்த விலை ஏறத்தாழ 4,700 கோடி டாலர். விழுங்கப்பட்டவர்களுக்கு இப்படி விலை கிடைப்பதில்லை.

ஜெனன்டெக் மட்டுமல்ல. சந்தையில் ஒரு மருந்துகூட இல்லாத நிலையில்தான் ஜெர்மனியின் பயோஎன்டெக் 2018இல் ஃபைசருடன் ஃப்ளூ தடுப்பூசிக்காக ஒப்பந்தம் போட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இரண்டும் மீண்டும் சேர்ந்தபோது ஒன்றையொன்று புதிதாக அறிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 2இல் அவற்றின் தடுப்பூசிக்குப் பிரிட்டன் அனுமதி அளித்தது.

ஒப்பந்த வாசகத்தில் சிறியவர் ஏமாறலாம் என்ற எச்சரிக்கையை மட்டும் தள்ளிவிட முடியாது. அதற்கு மருந்து, கூட்டைத் தள்ளிப்போடுவது அல்ல. வாசகத்தில் கறாராக இருப்பது. ஐபிஎம்மின் முதல் தனிக்கணினிக்கு இயங்குதளம் கொடுத்தபோது மைக்ரோசாஃப்ட் சிறிய நிறுவனம்தான். ஆனாலும் அதைப் பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் கணினியைப் போலவே செய்து விற்ற போட்டியாளர்கள் பின்னர் இயங்குதளத்துக்காக மைக்ரோசாஃப்ட்டிடம் வந்தார்கள்.